ஆழ்கடலும் ஆரிஃபைஸ் மீட்டரும்



முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டு விடுகிறேன். அப்புறம் கடலுக்குள் போவோம்.

நான்காம் செமஸ்டர், ஹைட்ராலிக்ஸ் லேப். ஆரிஃபைஸ் மீட்டர் சோதனை. கலெக்டிங் டாங்கில் தண்ணீர் 10 செ.மீ. உயர எத்தனை விநாடி ஆகிறது என்று ஸ்டாப் வாட்சில் பார்க்க வேண்டும். எனக்கு 44 விநாடி வந்தது. கணக்குப் போட்டால் சி.டி. மதிப்பு 0.54. சீனியர் கொடுத்த ரெக்கார்டைப் புரட்டினேன். அதில் 0.62. பக்கத்து பேட்சிலும் 0.62. புத்தகத்திலும் கிட்டத்தட்ட அதேதான்.

"டேய், 38-னு போடுடா. சரியா வந்துடும்" என்றான் நண்பன்.

போட்டேன். வந்தது. சார் சிவப்பு மையில் டிக் அடித்தார். பாவம், அந்த 44 விநாடி ரப்பரோடு போயிற்று!

'இதில் என்ன பெரிய குற்றம்? நாம எல்லாரும் செய்யறதுதானே?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், கடல் வந்து என் காதைத் திருகும் வரை.

* * *

அதே செமஸ்டரில் வேறொரு கல்லூரியில் ஒரு தொழில்நுட்பக் கருத்தரங்கு. நானும் என் விடுதித் தோழன் ஒருவனும் 'கடல் நீரோட்டங்கள்' என்ற தலைப்பைத் தேர்ந்தெடுத்தோம். அவன் மேல்மட்ட நீரோட்டங்களைப் பற்றிப் பேசுவது, நான் ஆழ்கடலைப் பற்றிப் பேசுவது என்று பங்கு பிரித்துக்கொண்டோம். அவனுக்கு நிறையப் படிக்க வேண்டியிருந்தது. எனக்கு அந்தக் கஷ்டமே இல்லை. ஹைட்ராலிக்ஸ் பாடத்தில்தான் இருக்கிறதே, சுவரை ஒட்டிய நீரின் திசைவேகம் சுழி! கடலுக்குச் சுவர் எது? தரை. ஆகவே தரையில் நீர் அசையாது. முடிந்தது கட்டுரை.

மேடையில் ஏறி, "ஆழ்கடலின் அடியில் காற்று இல்லை, ஒளி இல்லை, அலை இல்லை. அங்கே நிலவுவது நிரந்தர அமைதி!" என்று குரலை இறக்கிச் சொன்னேன். கைதட்டல் கிடைத்தது.

நடுவராக வந்திருந்த பெரியவர் தலை நரைத்தவர். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "தம்பி, நல்லாப் பேசினீங்க. ஒரே ஒரு கேள்வி. அங்க தண்ணி அசையலைன்னு அளந்தது யாரு?" என்றார்.

"சார்... சுவரை ஒட்டி வெலாசிட்டி ஜீரோ..."

"ஒட்டினாப்ல ஜீரோ, சரி. எவ்வளவு உயரத்துக்கு ஜீரோ?"

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அவர் சிரித்துக்கொண்டே, "ஸ்வாலோன்னு ஒருத்தர் இருந்தார். தேடிப் படிச்சுப் பாருங்க" என்று சொல்லி அடுத்த அணியைக் கூப்பிட்டார்.

கலந்துகொண்டதற்கான சான்றிதழ் மட்டும் கையில். பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் தோழன் என்னோடு பேசவில்லை. அந்த இரண்டு கேள்விகளும் மட்டும் என் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தன.

* * *

நூலகத்திலும் செல்போனிலுமாகத் தேடி நான் படித்தெடுத்த கதை இது.

ஓடும் நீரின் வேகத்தை அளக்க நாம் கால்வாய்க் கரையில் நிற்கிறோம். நடுக்கடலில் எங்கே நிற்பது? கப்பலிலிருந்து கருவியைக் கம்பியில் கட்டி நாலாயிரம் மீட்டர் ஆழத்துக்கு இறக்கினால், கப்பலும் நகர்கிறது, கம்பியும் வளைகிறது. விநாடிக்கு ஓரிரு சென்டிமீட்டர் ஓடும் நீரை அதில் எப்படிப் பிரித்தறிவது? எனவே கடலியலார் வேறு வழி வைத்திருந்தார்கள். பல ஆழங்களில் நீரின் வெப்பத்தையும் உப்பையும் அளந்து, அடர்த்தி கண்டுபிடித்து, அதிலிருந்து நீரோட்டத்தைக் கணக்கிட்டார்கள். ஆனால் அந்தக் கணக்கு ஓர் ஆழத்துக்கும் இன்னோர் ஆழத்துக்கும் உள்ள வேக வித்தியாசத்தைத்தான் தரும். உண்மையான வேகம் வேண்டுமென்றால் எங்கோ ஓரிடத்தில் தொடங்க வேண்டும் அல்லவா? அதற்காக, 'ஆழத்தில் ஒரு மட்டத்தில் நீர் அசையவில்லை' என்று வைத்துக்கொண்டார்கள்.

கவனியுங்கள் நண்பர்களே, வைத்துக்கொண்டார்கள்! நான் 38 என்று வைத்துக்கொண்ட மாதிரி அல்ல. அது கணக்குக்குத் தேவையான, வெளிப்படையான அனுமானம். ஆனாலும் அனுமானம் அனுமானம்தானே!

ஜான் ஸ்வாலோ இங்கிலாந்துக்காரர். இயற்பியல் படித்தவர். அந்நாட்டின் தேசியக் கடலியல் நிறுவனத்தில் வேலை. 1955-ல் அவர் வெளியிட்ட கருவியைப் படித்தபோது எனக்கு நம் ஒர்க்‌ஷாப் ஞாபகம்தான் வந்தது. கட்டடத்துக்குச் சாரம் கட்டும் அலுமினியக் குழாய்! அதை வாங்கி, இரு முனையையும் அடைத்து, உள்ளே பேட்டரியும் ஒலி எழுப்பும் சர்க்யூட்டும் வைத்தார். குழாயின் சுவர் தேவைக்கு மேல் கனமாக இருந்ததால் காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறவைத்துச் சுவரை அரித்து மெலிதாக்கினார். அவ்வளவுதான் கருவி.

இதன் தத்துவம் நமக்குப் புரியக்கூடியதே. நீரை அமுக்க முடியாது என்று படிக்கிறோம். ஆனால் ஆழ்கடலில் நீரும் கொஞ்சம் அமுங்குகிறது. 4,800 மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் ஏறக்குறைய அரை டன் அழுத்தம். அங்கே நீரின் அடர்த்தி மேலே இருப்பதைவிடச் சுமார் இரண்டு சதவீதம் கூடுதல். அலுமினியக் குழாயும் அமுங்கும், ஆனால் நீரைவிடக் குறைவாக அமுங்கும். ஆகவே குழாயின் எடையைக் கவனமாகச் சரிசெய்து கடலில் போட்டால் அது மூழ்கிக்கொண்டே போய், தன் அடர்த்தியும் சுற்றியுள்ள நீரின் அடர்த்தியும் சமமாகும் ஆழத்தில் நின்றுவிடும். மேலேயும் வராது, கீழேயும் போகாது. நீர் எங்கே போகிறதோ அங்கே கூடவே போகும். கப்பலின் முன்னும் பின்னும் ஒலிவாங்கிகளைத் தொங்கவிட்டு 'டிக்... டிக்...' என்ற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அதைப் பின்தொடரலாம்.

1957-ல் இந்தக் குழாய்களை அமெரிக்காவின் தெற்குக் கரோலினாவுக்கு அப்பால் கடலில் இறக்கினார்கள். மேலே ஓடுவது கல்ஃப் ஸ்ட்ரீம் என்னும் பெரும் நீரோட்டம், வடக்கு நோக்கி. அதற்கு அடியில் எதிர்த்திசையில் ஒரு நீரோட்டம் தெற்கே போக வேண்டும் என்று ஹென்றி ஸ்டாம்மல் என்ற அமெரிக்க அறிஞர் கணிதத்தின் துணையோடு சொல்லியிருந்தார். இரண்டாயிரம் மீட்டருக்கும் கீழே இறங்கிய குழாய்கள் அப்படியே தெற்கே நகர்ந்தன. கொள்கையும் சரி, ரீடிங்கும் சரி. சிவப்பு மையில் டிக்!

கதை இங்கே முடிந்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன்.

* * *

கரையோரம் இப்படித் தெற்கே போகும் ஆழ்நீர், கடலின் நடுப்பகுதியில் மிக மெதுவாக வடக்கே ஊர்ந்து போக வேண்டும் என்பது ஸ்டாம்மல் கொள்கையின் அடுத்த பகுதி. அதையும் அளந்துவிடலாம் என்று 1959-ல் 'ஏரீஸ்' என்ற சிறு பாய்மரக் கப்பலை எடுத்துக்கொண்டு பெர்முடாவுக்கு மேற்கே ஸ்வாலோவும் தோழர்களும் வேலையைத் தொடங்கினார்கள். நீர் ஊர்ந்துதான் போகும், குழாயைப் போட்டுவிட்டுக் கரைக்குப் போய்வந்து, பல வாரம் கழித்து அது எங்கே இருக்கிறதென்று பார்த்தால் போதும் என்பது திட்டம்.

நடந்தது வேறு. 4,000 மீட்டர் ஆழத்தில் குழாய்கள் விநாடிக்குச் சுமார் 10 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடின! எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு வேகம். அதுவும் ஒரே திசையில் அல்ல. இந்த வாரம் ஒரு பக்கம், அடுத்த மாதம் வேறு பக்கம். அருகருகே போட்ட குழாய்களே வேறு வேறு திசையில் போயின. கப்பல் திரும்பி வருவதற்குள் சத்தம் கேட்காத தூரத்துக்குப் போய்விட்டன.

இந்த இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நானாக இருந்தால் என்ன செய்திருப்பேன்? 'கருவி ரிப்பேர்' என்று எழுதியிருப்பேன். அல்லது வடக்கே போன குழாய்களை மட்டும் அட்டவணையில் போட்டிருப்பேன். அவர்கள் வந்ததை வந்தபடி எழுதினார்கள். அந்தப் பொருந்தாத ரீடிங்கிலிருந்துதான் கடலுக்குள் பல பத்து, நூறு கிலோமீட்டர் அகலமுள்ள பெரும் சுழல்கள் நகர்ந்துகொண்டே இருக்கின்றன என்ற உண்மை வெளிவந்தது. வானத்தில் காற்றழுத்தத் தாழ்வு நிலை வந்து போவதில்லையா? அதைப் போலவே கடலுக்கும் தினசரி வானிலை உண்டு! இன்று கடலியலில் அந்தச் சுழல்கள் இல்லாத பாடமே இல்லை.

* * *

'சரி, அந்தக் குழாய்கள் தரைக்கு மேலே மிதந்தவைதானே? தரையில் என்ன?' என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. நடுவர் கேட்ட இரண்டாவது கேள்வியும் இதுதான்.

1980-களின் முற்பகுதியில் கனடாவின் நோவா ஸ்கோஷியாவுக்குத் தெற்கே, சுமார் 4,800 மீட்டர் ஆழத்தில், 'ஹெபிள்' என்ற பெயரில் ஓர் ஆய்வு நடந்தது. மூன்று கால் ஸ்டாண்டுகளில் நீரோட்டமானி, கேமரா, நீர் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்று காட்டும் ஒளிமானி எல்லாவற்றையும் பொருத்திக் கடல் தரையிலேயே பல மாதம் நிறுத்தி வைத்தார்கள்.

தரையை ஒட்டிய நீர் அசைவதில்லை என்பது உண்மைதான். ஆனால் பாகுநிலை ஆதிக்கம் செலுத்தும் அந்த மெல்லிய படலத்தின் தடிமன், மெதுவான நீரோட்டத்தில் ஒரு சென்டிமீட்டர் அளவே. வேகம் கூடினால் அதுவும் மெலிந்துபோகும். அதற்கு மேலே திசைவேகம் மளமளவென்று ஏறுகிறது. தரையின் உராய்வு தெரியும் எல்லை அடுக்கு பத்து மீட்டர், பல பத்து மீட்டர் உயரம் வரை போகும். அதற்குள் நீர் கலங்கிப் புரண்டுகொண்டே இருக்கும். பூமியின் சுழற்சியால், கீழே வர வர ஓட்டத்தின் திசையும் திரும்புகிறது. நான் மேடையில் சொன்ன 'நிரந்தர அமைதி' ஒரு விரற்கடை கூடத் தேறவில்லை!

அங்கே புயலும் அடிக்கிறது என்பதுதான் பெரிய செய்தி. மேலே கல்ஃப் ஸ்ட்ரீமின் சுழல்கள் வலுக்கும்போது அவற்றின் சக்தி தரை வரைக்கும் இறங்குகிறது. கீழே ஏற்கனவே ஓடும் குளிர்ந்த நீரோட்டத்தோடு அது சேர்ந்துகொள்கிறது. அப்போது நீரின் வேகம் விநாடிக்கு 20 சென்டிமீட்டரைத் தாண்டுகிறது, சில சமயம் 40 வரைகூட. சில நாள் முதல் சில வாரம் வரை நீடிக்கிறது. தரையிலுள்ள வண்டல் கிளம்பி நீரெல்லாம் கலங்குகிறது. புழுக்களும் நத்தைகளும் போட்ட தடங்கள் அழிந்து, புயல் ஓய்ந்தபின் புது வண்டல் படிகிறது. ஆண்டுக்குப் பல தடவை இப்படி!

'விநாடிக்கு 40 சென்டிமீட்டர் ஒரு வேகமா? குழந்தை நடந்தாலே முந்திவிடுமே' என்று எனக்கும் தோன்றியது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு பொருளின் மீது விழும் அழுத்தம் அடர்த்தியையும் வேகத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது. அங்கே நீரின் அடர்த்தி கன மீட்டருக்கு 1,050 கிலோ. காற்றுக்கு 1.2 கிலோ. 0.4 மீட்டர் வேக நீர் கொடுக்கும் அழுத்தத்தைக் காற்று கொடுக்க வேண்டுமானால் அது மணிக்குச் சுமார் 42 கி.மீ. வேகத்தில் வீச வேண்டும். மாடியில் காயப்போட்ட லுங்கி பறந்து போகும் காற்று அது! இந்தக் கணக்கை மட்டும் நான் யாரிடமும் காப்பி அடிக்கவில்லை. நீங்களும் போட்டுப் பாருங்கள்.

* * *

இதைவிடப் பயங்கரமான ஓட்டமும் அதே கடல் பகுதியில் நடந்திருக்கிறது. 1929 நவம்பர் 18 அன்று நியூஃபவுண்ட்லாந்துக்குத் தெற்கே 7.2 ரிக்டர் அளவில் கடலடி நிலநடுக்கம். அதனால் எழுந்த ஆழிப்பேரலையில் 28 பேர் இறந்தார்கள். அட்லாண்டிக்கைக் கடந்து போகும் தந்திக் கேபிள்கள் பன்னிரண்டு அறுந்தன. நிலநடுக்கத்தில் கேபிள் அறுவதில் ஆச்சரியமில்லை. ஆனால் எல்லாம் ஒரே சமயத்தில் அறுந்துவிடவில்லை. அருகில் இருந்தவை உடனே போயின. தெற்கே ஆழத்தில் கிடந்தவை ஒன்றன்பின் ஒன்றாக, வரிசை தவறாமல் அறுந்தன. கடைசிக் கேபிள் அறுந்தது 13 மணி 17 நிமிடம் கழித்து!

ஒவ்வொரு கேபிளும் எத்தனை மணிக்குச் செத்தது என்று தந்தி நிலையங்களின் பதிவேட்டில் இருந்தது. 1952-ல் புரூஸ் ஹீசன், மாரிஸ் யூயிங் என்ற இருவர் அந்த நேரங்களையும் கேபிள்களுக்கு இடையே இருந்த தூரங்களையும் வைத்து விளக்கம் சொன்னார்கள். நிலநடுக்கத்தில் சரிந்த சேறு, நீரோடு கலந்து, கனமான கலங்கல் வெள்ளமாகச் சரிவில் பாய்ந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. சரிவின் மேற்பகுதியில் அதன் வேகம் மணிக்கு 60 கி.மீ.க்கும் மேல். அந்த இருட்டில் யாரும் அதைப் பார்க்கவில்லை. தந்தி ஊழியர்கள் கடிகாரத்தைப் பார்த்து உண்மையான நேரத்தைக் குறித்து வைத்திருந்ததால் 23 வருஷம் கழித்தும் அதன் வேகத்தை அளக்க முடிந்தது. அவர்களில் ஒருவர், 'எல்லாம் நிலநடுக்கத்தில்தானே போனது, ஒரே நேரமாகப் போட்டுவிடுவோம்' என்று நினைத்திருந்தால்?

இது எங்கோ அட்லாண்டிக் விவகாரம் என்று எண்ண வேண்டாம். மத்திய இந்தியப் பெருங்கடலில் ஐயாயிரம் மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், மாங்கனீசு, நிக்கல், தாமிரம், கோபால்ட் கலந்த உருண்டைகள் தரையில் கிடக்கின்றன. அவற்றை ஆராய இந்தியாவுக்கு ஒதுக்கப்பட்ட பகுதி 75,000 சதுர கி.மீ. சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் 2021-ல் ஓர் ஊர்தியை 5,270 மீட்டர் ஆழத்தில் தரையில் ஓட்டிப் பார்த்திருக்கிறது. அப்படி ஒரு எந்திரம் உருண்டைகளை அள்ளினால் சேறு கிளம்பும். கிளம்பிய சேறு எங்கே போய் விழும்? அடிநீர் விநாடிக்கு வெறும் 2 சென்டிமீட்டர் ஓடினாலும், பத்து நாள் மிதக்கும் ஒரு துகள் 17 கி.மீ. போய்விடும். பத்து லட்சம் வருஷத்துக்குச் சில மில்லிமீட்டர் வளரும் உருண்டைகளும், அவற்றை ஒட்டி வாழும் உயிர்களும் அங்கே இருக்கின்றன. 'அடியில் நீர் அசையாது' என்று ஒரு மேதாவி கட்டுரை எழுதினால் என்ன ஆகும்? அந்த எந்திரத்தின் பக்கத்தில் நாளைக்கு நம்மில் ஒருவர் நிற்கலாம் நண்பர்களே!

* * *

இனி லேப்புக்கு வருகிறேன். இதையெல்லாம் படித்த பிறகு 44 விநாடி என்னைத் தூங்கவிடவில்லை. ஒரு மாலை லேப் அசிஸ்டெண்ட் அண்ணனிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "வா, பார்ப்போம்" என்றார். கலெக்டிங் டாங்கை நிரப்பி, அடி வால்வை மூடி, மோட்டாரை நிறுத்திவிட்டு ஸ்கேலைப் பார்த்தோம். ஒரே நிமிஷத்தில் இரண்டு சென்டிமீட்டர் இறங்கியது. வால்வின் வாஷர் தேய்ந்துபோய், தண்ணீர் அடியிலிருந்த சம்ப்புக்குள்ளேயே ஒழுகிக்கொண்டிருந்தது. வெளியே ஒரு சொட்டும் தெரியாது.

எத்தனை செமஸ்டராக ஒழுகியதோ! ரெக்கார்டுகளில் எல்லாம் 0.62, 0.62, 0.62. என் ஸ்டாப் வாட்ச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. டாங்க் ஒழுகுகிறது என்று அது எனக்குச் சொன்ன சேதியைத்தான் நான் ரப்பரால் அழித்திருக்கிறேன்.

புது வாஷர் போட்ட பிறகு 39 விநாடி வந்தது. விஷயம் சாருக்குப் போயிற்று. எல்லா பேட்சும் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும் என்று உத்தரவு. பிறகென்ன? "உனக்கு எதுக்குடா இந்த வேலை?" என்று வகுப்பே என்மேல் பாய்ந்தது. 38 போடச் சொன்ன நண்பன் இரண்டு வாரம் மெஸ்ஸில் வேறு பெஞ்சுக்குப் போய்விட்டான். (இப்போது திரும்பி வந்துவிட்டான்!)

சார் என்னைப் பாராட்டவும் இல்லை, தண்டிக்கவும் இல்லை. "புது டேபிளை மட்டும் எழுதாதே. அந்த நாப்பத்து நாலையும் தேதி போட்டு எழுது. ஏன் வந்ததுன்னும் எழுது" என்றார். எழுதினேன்.

அடுத்த வருஷம் ஜூனியர்கள் ரெக்கார்டு கேட்டு வருவார்கள். தாராளமாகக் கொடுப்பேன். அதில் ஒரே சோதனைக்கு இரண்டு அட்டவணை இருக்கும். ஒன்றில் 0.54, இன்னொன்றில் கிட்டத்தட்ட 0.61. எதைப் பார்த்துக் காப்பி அடிப்பது என்று தம்பிமார்கள் குழம்பட்டும். குழம்பினால்தான் ஸ்டாப் வாட்சைக் கையில் எடுப்பார்கள்!